வாய் பிளந்தவை எத்தனை

காலை ஏழு மணிக்கு அந்தக் காயலில் யாரும் வேறு வேலை பார்ப்பதில்லை. பவளப் பாறைகளின் மேல் மரக்கால் ஊன்றி நிற்கும் பதினேழு பண்ணைக் குடில்களிலும் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கும். பிரிப்பி என்ற பெரியவர் குடில்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்ட குடில் நாலு விஷயம் சொல்ல வேண்டும். காற்று எப்படி, தண்ணீர் எவ்வளவு சூடு, சிப்பிக் கயிறு எத்தனை ஆழத்தில் தொங்குகிறது, வாய் பிளந்த சிப்பி எத்தனை. செத்த சிப்பிதான் வாய் பிளந்து கிடக்கும். உயிருள்ளது, மேலே ஒரு நிழல் போனால்கூட மூடிக்கொள்ளும். இந்தக் கூப்பாட்டுக்கு வரிசை என்று பெயர்.

முத்துச்சிப்பி வளர்ப்பவர்களுக்கு வரிசைதான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, டீக்கடை எல்லாம். கயிற்றில் தொங்கும் சிப்பிகள் ஒன்றோடொன்று உரசி ஓரம் உடைந்துகொண்டிருந்த காலத்தில், "எம் புருசனோட பிஞ்ச செருப்பைத்தான் நடுவுல சொருகணும்" என்று நூரோவா என்பவள் எரிச்சலில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரித்துவிட்டு, நிஜமாகவே ரப்பர் செருப்பை வெட்டிச் சொருகிப் பார்த்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் தீவில் முழுச் செருப்போடு நடந்த ஆள் பாதிரியார் ஒருவர்தான். இது இன்னார் மூளையில் உதித்தது என்று அங்கே எதையும் சொல்ல முடியாது. ஒருத்தர் புலம்புவார், ஒருத்தர் கேலி செய்வார், ஒருத்தர் செய்து பார்ப்பார், இன்னொருத்தர் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார். நாலு பேர் வாயில் விழுந்து எழுந்த பிறகுதான் எதுவும் உருப்படும்.

வரிசைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு குடிலின் எண்ணை அந்தக் குடில்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் யாரோ பக்கத்துக் குடிலின் சாவுக்கணக்கைப் பெட்டியில் போட்டு உடைக்க, அதில் ஒரு படகு எரிந்தது, ஒரு கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு, அடுத்தவன் கயிறு மொத்தமும் நாறினாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் எண்ணை மட்டும் சொல்வது என்று ஆயிற்று. அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள்.

பதினெட்டாவதாக ஒரு குடிலும் உண்டு. பெயர் சுறாவால். அதன் சொந்தக்காரன் மெட்டுவா மூன்று வருஷத்துக்கு முன்னால் பவளத்திட்டுக்கு வெளியே கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனைப் பட்டியலிலிருந்து அடிக்க யாருக்கும் கை வரவில்லை. பெரியவர் தினமும் "சுறாவால்" என்று கூப்பிடுவார். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுப்பார். பிறகு அடுத்த பெயருக்குப் போவார்.

காற்று நின்று போன ஆறாம் நாள் காலையில் அகைட்டி வரிசையில் பொய் சொன்னாள்.

"நண்டுக்கல்" என்று பெரியவர் அவள் குடிலைக் கூப்பிட்டார்.

"காத்து இல்ல பெரியப்பா. தண்ணி முப்பத்தோரு டிகிரி. கயிறு ஆறு மீட்டர். பிளந்தது ரெண்டு."

"சரி தாயி. சுறாவால்."

ஒரு மூச்சு நேரம் போயிற்று. பெட்டியில் மெட்டுவாவின் குரல், அவனுடைய அதே சோம்பல் இழுப்போடு, "இருபத்தாறு" என்றது.

பெரியவர் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்தக் குடிலும் காற்று இல்லை என்று ஆரம்பித்தது. யாரும் திடுக்கிடவில்லை, யாரும் "என்னது அது" என்று கேட்கவில்லை. அகைட்டி மட்டும் கையில் பிடித்திருந்த பேசுகருவியைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். விடியும்போது முக்குளித்து அவள் எண்ணிய சாவு இருபத்தாறு. அதை அவள் தனக்குத்தானே கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஏன் பொய் சொன்னாள் என்றால், அவள் கணவன் ஈயோவானே ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு அப்பால் ஏதோ ஒரு சுரங்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு அறுவடை வீணாய்ப் போன பிறகு போனவன். "இந்தத் தடவை நல்லா வந்துட்டா டிக்கெட் போட்டுடறேன், அப்புறம் எவன் கூப்பிட்டாலும் போகமாட்டேன்" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்வான். சிப்பிக்குள் முத்துக்கான கருவை வைக்கிறவர் அடுத்த வாரம் பெரிய தீவான ராரோடோங்காவிலிருந்து விமானத்தில் வருவதாக இருந்தது. நோய் கண்ட பண்ணைக்குள் அவர் கால் வைக்கமாட்டார். நோய் கண்ட கயிற்றைத் தூக்கி மணல்திட்டில் புதைக்கச் சொல்லித் தீவுச் சபை உத்தரவும் போட்டுவிடும். இருபத்தாறு என்ற ஒரு சொல்லில் ஈயோவானே இன்னும் இரண்டு வருஷம் அந்தப் புழுதியிலேயே கிடப்பான். இரண்டு என்றால் ஒன்றுமில்லை. யார் கயிற்றிலும் தினம் இரண்டு சாகும்.

மறுநாளும் இரண்டு என்றாள். சுறாவால் முப்பத்தெட்டு என்றது. அன்று அவள் இன்னும் எண்ணியிருக்கவில்லை. வரிசை முடிந்ததும் நேராகத் தண்ணீரில் குதித்துக் கயிறு கயிறாக எண்ணினாள். முப்பத்தெட்டு. ஏதோ தப்பு என்று திரும்ப எண்ணினாள். அதே முப்பத்தெட்டுதான். பிளந்த ஓடுகளுக்குள்ளிருந்து சிறு மீன்கள் வெளியே வந்து அவளைப் பார்த்தன.

மூன்றாம் நாள் நூரோவா படகில் வந்தாள். செருப்புக்காரி நூரோவாதான். இருவரும் ஒரே வருஷம் பிறந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அகைட்டியின் முதல் அறுவடை போனபோது தன் கயிற்றில் பாதியை அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அவளுடைய குடில் கடல்நீர் உள்ளே வரும் வாய்க்கால் ஓரம் இருந்தது.

"ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கெடக்கு? ஈயோவானே போன் பண்ணலையா?"

"பண்ணான். அங்க வெயில் கொல்லுதுங்கறான்."

"ஆமா, இங்க பனி கொட்டுது பாரு." நூரோவா சிரித்துவிட்டு, படகிலிருந்து இறங்காமலே குடிலின் மரக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு கூடை குஞ்சுச்சிப்பி தரேன்னு போன மாசம் சொன்னியே. எடுத்துக்கவா?"

"இப்பவேவா?"

"ஏன், இப்ப வேண்டாமா? வேண்டாம்னா சொல்லுடி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"சேச்சே, எடுத்துக்க. உனக்குன்னுதான வச்சிருக்கேன்."

"எல்லாம் நல்லா இருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. இருக்கறதுக்கு என்ன?"

நூரோவா அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டு கூடைகளையும் தானே தூக்கிப் படகில் வைத்தாள். வந்தால் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசாமல் போகிறவள் இல்லை. அன்று உடனே என்ஜினை இழுத்துவிட்டாள். படகு போன பிறகு அகைட்டிக்குத் தன் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கொடுக்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாளே என்று கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். நோய் என்று தெரிந்தே கொடுத்தாள். அதை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

காற்று வரவேயில்லை. காயல் கண்ணாடியாய்க் கிடந்தது. படகின் நிழல் பத்து மீட்டர் கீழே மணலில் அப்படியே, ஓரம்கூட அசையாமல் விழுந்தது. பறவைகள் திட்டில் வரிசையாக உட்கார்ந்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கின. காலையில் மட்டும் சுறாவால் பேசியது. ஐம்பத்தொன்று. எழுபது. தொண்ணூற்று மூன்று. தினமும் அவள் இரண்டு என்றோ மூன்று என்றோ சொன்னாள். தினமும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவள் கயிறு மட்டும் அழுகுகிறது, ஊர் முழுக்க நன்றாக இருக்கிறது. அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

படகுத்துறையில் ரங்கியைப் பார்த்தபோது சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். ரங்கி மூன்று குடில் தள்ளிப் பண்ணை வைத்திருப்பவன், ஊரில் பெரிய வாயாடி.

"காலையில பெட்டியில ஏதாச்சும் எரைச்சல் கேக்குதா ரங்கி?"

ரங்கியின் முகம் மாறியது. "எரைச்சலா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. உனக்கு என்ன கேட்டுச்சு?"

"எனக்கும் ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

வாயாடி தேங்காய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

சுறாவால் பேசத் தொடங்கிய ஒன்பதாம் நாள், அது நூற்றுப் பதினாலு என்றது. அன்று நடுப்பகலில் அகைட்டி படகை எடுத்துக்கொண்டு மெட்டுவாவின் குடிலுக்குப் போனாள். யாரோ அங்கே உட்கார்ந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று அவள் நம்ப விரும்பினாள். ஆளைப் பிடித்து அறைந்துவிட்டு வரவேண்டும் என்றுதான் துடுப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டாள்.

குடிலின் கதவு விழுந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. தரையில் மூன்று வருஷத்து மணலும் பறவை எச்சமும் படிந்திருந்தன, அதில் ஒரு காலடிகூட இல்லை. வயர்லெஸ் பெட்டி மூலையில் இருந்தது. அதன் பின்பக்கம் திறந்து, பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் நண்டு ஒன்று குடியிருந்தது. பேசுகருவியின் வயர் அறுந்து தொங்கியது. அகைட்டி அதை எடுத்தாள். வெயில் படாத மூலையில் கிடந்த அந்தக் கருவி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்து இப்போதுதான் கீழே வைத்ததுபோல, பிடியில் ஈரமும் இருந்தது.

"என்னடா வேணும் உனக்கு?" என்று கேட்டாள்.

பெட்டி பேசவில்லை. கருவியை அப்படியே போட்டுவிட்டுப் படகுக்கு ஓடினாள். என்ஜின் கயிற்றை இழுக்கப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோதுதான் கீழே அது தெரிந்தது. மெட்டுவாவின் சிப்பிக் கயிறுகள். பார்க்க ஆளில்லாமல் மிதவைகளில் பாசியும் சிப்பியும் ஏறி, பாரம் தாங்காமல் அவை மூழ்கி, கயிறுகள் எங்கோ அடியில் தொங்கின.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பத்து மீட்டர் வரை தண்ணீர் கஞ்சிபோலச் சூடாக இருந்தது. அதற்கும் கீழே, பதினெட்டு மீட்டர் வாக்கில், சட்டென்று குளிர் நெற்றியில் அடித்தது. அங்கே, மூன்று வருஷமாக யாரும் தொடாத சிப்பிகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து தொங்கின. அவளுடைய நிழல் மேலே விழ விழ, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மறுபடி மூச்செடுத்து இன்னும் இரண்டு முறை இறங்கிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிளந்திருக்கவில்லை.

மேலே வந்து படகில் படுத்துக் கிடந்தாள். மேல்தண்ணீரின் சூட்டில்தான் நோய் கொல்கிறது. பதினெட்டு மீட்டருக்கு இறக்கினால் பிழைக்கும். இதை வைத்துக்கொண்டு தன் கயிற்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் இறக்கிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஈயோவானே வந்துவிடுவான். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். ஆனால் நூரோவாவின் கயிற்றுக்கு நடுவே அந்த இரண்டு கூடை தொங்கிக்கொண்டிருக்கிறதே. அவளிடம் மட்டும் "இறக்கு" என்று சொன்னால், "ஏன்" என்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்வதானால் எல்லோருக்கும் சொல்லிவிடுவதே மேல்.

காலையில் பெரியவர் நண்டுக்கல் என்று கூப்பிட்டார்.

"காத்து இல்ல பெரியப்பா. தண்ணி முப்பத்திரண்டு. கயிறு ஆறு மீட்டர். பிளந்தது நூத்தி முப்பது. நேத்து நூத்திப் பதினாலு. மொத நாள் இருபத்தாறு. இத்தனை நாளா பொய் சொன்னேன். சுறாவாலுக்குப் போனேன். மெட்டுவா கயிறு அடியில முழுகிக் கெடக்கு, அம்புட்டும் உசுரோட இருக்கு. கீழ தண்ணி குளிருது. எல்லாரும் இறக்குங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவன் குரல் எனக்குக் கேக்குது. தினமும் என் எண்ணைச் சொல்லுது. பைத்தியம்னு நெனச்சாலும் நெனச்சுக்கங்க."

பெட்டியில் ரங்கியின் குரல் வந்தது. வரிசையில் அவன் முறை இன்னும் வரவில்லை.

"உன் எண்ணு இல்ல. எனக்கு நேத்து கேட்டது அறுபத்தேழு. அது என்னோடது."

"என்ன சொல்ற?"

"என் கயித்துல நேத்து அறுபத்தேழு பிளந்துச்சு. நான் மூணுன்னு சொன்னேன். அவன் அறுபத்தேழுன்னான்."

அதற்குப் பிறகு முறை யாருக்கும் நினைவில்லை. ஒரு குடில் எண்பது என்றது. ஒரு குடில் அழுதது. ஒரே பெட்டியில், ஒரே மூச்சு நேரத்தில், ஆளுக்கொரு எண் கேட்டிருக்கிறது. அவரவர் மறைத்த எண் அவரவருக்கு. இத்தனை நாளும் அத்தனை பேரும் தன் கயிறு மட்டும் அழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு, மூன்று என்று ஒருவருக்கொருவர் பொய்யை ஊட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் பெரியவர் பேசினார். "எனக்கு முந்நூறு. ரெண்டு வாரமா கேக்குது. பேரைக் கூப்பிடறவனே சொல்லலைன்னா மத்தவங்க எப்படிச் சொல்லுவாங்க." கொஞ்சம் பொறுத்து, பழக்கத்தில் "சுறாவால்" என்று கூப்பிட்டார். ஒரு மூச்சு நேரம் போயிற்று. அன்று பெட்டியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

உண்மையான எண்களைக் காயலின் வரைபடத்தில் குறித்துப் பார்த்ததும், சாவு எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கைக்குழந்தைக்கும் விளங்கியிருக்கும். கல்லைக் கட்டி இறக்கலாம் என்றான் ரங்கி. கல் கயிற்றை அறுக்கும் என்றது ஒரு குடில். அரிசிச் சாக்கில் மணலை அடைத்துக் கட்டு என்றது இன்னொன்று. சாக்கு இற்றுப்போகும், இரண்டு சாக்காகப் போடு என்றது வேறொன்று. மறுநாள் சாயங்காலத்துக்குள் காயலில் இருந்த எல்லாக் கயிறும் குளிருக்கு இறங்கிவிட்டது. அதற்கடுத்த காலை சாவு பாதியாயிற்று.

அகைட்டியின் பத்துக் கயிற்றில் ஏழு தேறவில்லை. ஒதுக்கித் தூக்கிப் புதைக்கத் தீவுச் சபையில் சொன்னார்கள். கரு வைக்கிறவர் நண்டுக்கல்லுக்கு வரமாட்டார் என்று செய்தியும் வந்தது. போனில் ஈயோவானே, "சரி, அழாத. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அவன் குரல் உடைந்ததை அவள் கேட்டாள்.

கயிறு தூக்கும் நாளன்று நூரோவா படகோடு வந்தாள். பெட்டியில் உண்மையைச் சொன்ன பிறகு நாலு நாளாக அகைட்டி அவள் பக்கம் போகவில்லை. போக முகம் இல்லை.

"அந்த ரெண்டு கூடை..." என்று ஆரம்பித்தாள்.

"மணல்திட்டுல கெடக்கு. வாங்கிட்டுப் போன அன்னைக்கே புதைச்சுட்டேன்."

"அன்னைக்கேவா?"

நூரோவா கையுறையை மாட்டிக்கொண்டே பேசினாள். "என் பாறை வாய்க்கால் ஓரம். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. எனக்குத் தினம் ஒண்ணு ரெண்டுதான் செத்துச்சு. மறைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அப்படியும் சுறாவால் எனக்கும் பேசுச்சு. மொத நாள் இருபத்தாறு. அடுத்த நாள் முப்பத்தெட்டு. என் கயிறெல்லாம் எண்ணிப் பாத்தேன், எங்கயும் இல்ல. அப்புறம் உன் பக்கமா படகு வந்தப்ப நாத்தம் வந்துச்சு."

அகைட்டிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊர்ல பாதிக் கயிறு பொழச்சிருக்குமே."

"உன் எண்ணை நான் எப்படிடி சொல்றது? ஊரே சேந்து போட்ட கட்டு. தப்புத்தான். அதுக்கு நானும் அழுவேன், வீட்டுக்குப் போயி." நூரோவாவின் குரல் ஏறவில்லை. "தினம் ஏழு மணிக்கு, இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு அந்தப் பெட்டி கிட்ட காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்ப ஏன் கூடை கேட்டு வந்த? நோய்னு தெரிஞ்சுமா?"

"வாங்கிட்டுப் போக வரல அகைட்டி." நூரோவா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாருக்கும் பொய் சொல்லுவ, எனக்குக் குடுக்க மாட்டேன்னு நெனச்சு வந்தேன். வேண்டாம்னா சொல்லுன்னுகூட சொன்னேன்."

அகைட்டி கயிற்றின் ஒரு முனையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"குடுத்துட்ட" என்றாள் நூரோவா. குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். "இழு. வெயில் ஏறுது."

சாயங்காலம் வரை இருவரும் ஏழு கயிற்றையும் இழுத்து, மூட்டை கட்டி, மணல்திட்டில் புதைத்தார்கள். நூரோவா ஒரு மூட்டையைக்கூட அவளைத் தனியாகத் தூக்க விடவில்லை.